ஆடி மாதத்துக் கத்தல்

மூச்சு வாங்குகிறாளே, இதை ஏன் வெட்டாமல் விட்டார்கள்?

காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறிவுச்செல்வி மறுபடியும் அதையே நினைத்தாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ ஒருவன் ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான். கிதார்க்காரன் பொறுக்கமாட்டாமல் முன்னாலேயே புகுந்துவிடுகிறான். யாரோ சிரிக்கிறார்கள். நிறுத்தி, மறுபடி எண்ணுகிறார்கள். அதையும் வெட்டவில்லை. பிறகு ஒரு பெண் பாடுகிறாள். பாடுகிறாள் என்று சொல்வது கூடச் சரியில்லை. தெருக்குழாயில் தன் குடத்தை நகர்த்தி வைத்தவளைப் பார்த்துக் கத்துவது போலக் கத்துகிறாள். வரிக்கு வரி அவள் இழுக்கும் மூச்சு தனியாகக் கேட்கிறது.

செல்வி பேசும்போது இப்படி ஒரு மூச்சு விழுந்தால் மாதேஷ் அதைத் திரையில் தேடிப் பிடித்து, நகக்கண்ணில் அழுக்கு எடுப்பது போல எடுத்துப் போட்டுவிடுவான்.

அம்மாபேட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது குருமூர்த்தியின் ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்றால் இரண்டு அறைகள். ஓர் அறையின் சுவரெல்லாம் மெத்தைப் பஞ்சு ஒட்டி, நடுவில் ஒரு மைக். இன்னொன்றில் மாதேஷும் அவனுடைய கம்ப்யூட்டரும். விளம்பர ஆட்டோக்களுக்கு வேண்டிய குரல் எல்லாம் இங்கேதான் தயாராகும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்தத் தெருவில் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனாலும் அதில் பாதி செல்வியின் குரலாகத்தான் இருக்கும். நகை, மெத்தை, கண் சிகிச்சை முகாம், பள்ளிச் சேர்க்கை, ஜவுளி. "வாங்க, வாங்க" என்று அவள் கூப்பிடுவதில் ஒரு தேன் இருந்தது. அந்தத் தேனை எடுத்ததில் குருமூர்த்திக்குப் பங்குண்டு. மைக் முன்னால் அவள் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து அவர் சொல்வது ஒன்றேதான்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா. உதடு சிரிச்சாத்தான் குரலு சிரிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, சும்மா இருக்கும்போதும் அவள் உதடு கொஞ்சம் விரிந்தே இருக்கப் பழகிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள். "என்னங்க இது? இதுல பாட்டு எங்க இருக்குது?"

மாதேஷ் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையை நிமிர்த்தினான். ஓமலூர்க்காரன். பெங்களூரில் சில வருடங்கள் பாட்டுக் கச்சேரி நடக்கும் விடுதிகளில் ஒலி பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியவன். அவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் இப்படி ஒரு குப்பை மூட்டையே இருந்தது.

"பங்க் ராக்குங்க. எழுபத்தாறு, எழுபத்தேழுல வந்தது. லண்டன்ல, நியூயார்க்ல வேலவெட்டி இல்லாத பசங்க. பாட்டுப் படிச்சவனும் இல்ல, கிதாரு படிச்சவனும் இல்ல. கிதார்ல மூணே மூணு கார்டு, அதாங்க மூணு கம்பிப் புடி, தெரிஞ்சாப் போதும், ஏறி வாசின்னு கெளம்பிட்டாங்க."

"தெரியுது."

"என்னத்தத் தெரியுது?"

"படிக்கலைன்னு."

மாதேஷ் சிரித்தான். "ஒரு ஆல்பத்தையே சில நாள்ல முடிச்சுடுவாங்க. தப்பு வந்தா வந்ததுதான். ஆனா இதக் கேட்டவங்கள்ல பாதிப்பேரு மறுநாளே சொந்தமா ஒரு குரூப்பு ஆரம்பிச்சிட்டாங்கம்பாங்க. இன்னிக்கு வரைக்கும் எங்கியாவது ஒரு மூலைல எவளாவது ஒருத்தி இதக் கேட்டுட்டு எந்திரிச்சிட்டுத்தான் இருக்கா."

உள்ளே வந்த குருமூர்த்தி கடைசிப் பேச்சைக் கேட்டுவிட்டு, "பங்க்குன்னா முடிதானே?" என்றார். "எங்க காலத்துல சலூன் போர்டுலயே எழுதியிருப்பான், பங்க் கட்டிங்னு. காது மூடி, பின்னால சட்டைக் காலருக்குக் கீழ தொங்கும். நம்ம ஆட்டோ செங்கோடன் வெச்சிருந்தான் பாரு, போலீஸே புடிச்சு வெட்டி உட்டுச்சு."

லண்டனிலிருந்து கிளம்பிய அந்தச் சத்தம் சேலம் வந்து சேர்வதற்குள், சத்தத்தை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு முடியாக மட்டும் வந்து சேர்ந்திருந்தது. செல்விக்கு அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சத்தம் மட்டும் பின்தங்கி, ஐம்பது வருடம் கழித்து ஒரு மத்தியான வேளையில் தனியாக அவளிடம் வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஜலகண்டாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதும் அந்த மூச்சு அவள் காதில் இருந்தது.

யாருக்கும் சொல்லாத ஒரு குறை அவளிடம் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதுதான் அந்தக் குறையே. அவளுக்குக் கோபம் வந்தால் யாரும் நம்புவதில்லை. உழவர் சந்தையில் தக்காளிக்காரன் அழுகலைக் கலந்து போட்டதைக் கண்டுபிடித்து அவள் சண்டைக்கு நின்றால், அவன் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தக் குரலு எங்கியோ கேட்டாப்புல இல்ல?" என்பான். பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொன்ன மோகன்குமார் வரவில்லை. அவள் புருஷன், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் அனந்தபூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். மகளும் கோவையில் விடுதியில் இருந்தாள். பண்டிகை அன்று வாசலில் தனியாகக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள் செல்வி. மனதில் இருந்ததை எல்லாம், கண்ணில் தண்ணீர் வர, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு மோகன்குமார் சொன்னான்.

"புள்ள, இன்னொருக்கா சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன், பசங்களும் கேக்கட்டும். அப்படியே நகைக்கடை வெளம்பரமாட்டவே இருக்குது."

அவன் கெட்டவன் இல்லை. நிஜமாகவே ஆசையாகத்தான் சொன்னான். அதனாலேயே அவளால் அதற்குமேல் ஒன்றும் பேச முடியவில்லை. போனை வைத்த பிறகு கண்ணாடியில் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தாள், உதடு மட்டும் கொஞ்சம் விரிந்திருந்தது.

மறுநாளும் மத்தியானம் மாதேஷிடம் ஹெட்போனைக் கேட்டாள். அதற்கடுத்த நாளும். அந்த ஆல்பம் முழுவதும் ஓடி முடிய அரை மணி கூட ஆகாது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிந்துவிடும். வார்த்தைகள் பாதி புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை. முதல் வாரம் அது வெறும் கோபம் என்று நினைத்தாள். கேட்கக் கேட்க அதற்குள் வேறொன்று இருப்பது தெரிந்தது. இந்தப் பெண் தான் கத்துவது தனக்கே நம்பமுடியாமல் கத்துகிறாள். இவ்வளவு நாள் இந்தச் சத்தம் எங்கே இருந்தது என்று தானே வியந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறாள். கோபத்துக்குள் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று செல்விக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனி கடைசியில் ஒரு நாள் குருமூர்த்தி நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வரவேண்டிய கண் முகாம்காரர்கள் நாளைக்கு வருகிறோம் என்றார்கள். கீழே நூல் கடையும் அன்று திறக்கவில்லை. மாதேஷ் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிதாரை எடுத்துத் தூசு தட்டினான். அதில் ஒரு கம்பி இல்லை.

"வாங்க செல்வி. நீங்களும் ஒண்ணு கத்துங்க."

"போங்க நீங்க. எனக்கு என்ன பாடத் தெரியும்?"

"தெரியாதவங்களுக்குத்தான் இது."

இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காலியாக்கிக் கவிழ்த்து, ஸ்கேலால் தட்டி முதலில் தாளத்தைப் பதிவு செய்தான். அதற்கு மேல் கிதாரை வாசித்து ஏற்றினான். மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டான். செல்வி நின்றாள். எப்போதும் உட்கார்ந்து பேசும் இடத்தில் நிற்பதே கூச்சமாக இருந்தது. தாளம் வந்தது, போனது. வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே.

"என்ன கத்தறதுன்னே தெரியலீங்க."

"அப்படின்னா வழக்கம்போலச் சிரிச்சுக்கிட்டே எதையாவது சொல்லுங்க" என்றான் மாதேஷ், விளையாட்டாக.

தாளம் மூன்றாம் முறை வந்தது.

"சிரிச்சுக்கிட்டே சொல்ல மாட்டேன்" என்றாள் செல்வி. அது வெளியே வந்தபோது அவளுக்கே பயமாக இருந்தது. வயிற்றிலிருந்து வந்திருந்தது. அடுத்தது தானாக வந்தது.

*சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டேன்*
*சேலை இல்லே போ, துணிமணி இல்லே போ*
*கட்டில் இல்லே மெத்தை இல்லே*
*கண்ணாடி இல்லே போ*
*வா வான்னு கூப்புட்ட வாயி இது*
*போ போன்னா என்னா பண்ணுவே*

கிதார் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். நடுவில் எங்கோ இருவரும் ஒரு முறை சந்தித்துக்கொண்டார்கள். கடைசி வரியை எத்தனை தடவை கத்தினாள் என்று தெரியாது. இருமல் வந்து நின்றது. "தண்ணி குடுங்க" என்று அவள் கேட்டதும், தண்ணீரோடு உள்ளே வந்த மாதேஷ் விழுந்து விழுந்து சிரித்ததும் கூடப் பதிவாகிவிட்டன.

"இருமலை வெட்டவா?"

"தொடாதீங்க" என்றாள்.

அவளுக்கென்று ஒரு பென் டிரைவில் அதை ஏற்றிக் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பையில் போட்டால் தொலைந்துவிடும் என்று நினைத்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் காலியாக இருந்த ஓர் ஆணியில் மாட்டினாள். எந்த ஆட்டோவுக்கு எந்த பென் டிரைவ் என்று தெரிய அவற்றை அந்தப் பலகையில்தான் தொங்கவிடுவார்கள். பெயரெல்லாம் எழுதுவதில்லை. கீழே நூல் கடையிலிருந்து கழிவு நூல் வாங்கி, ஆட்டோவுக்கு ஒரு நிறமாகக் கட்டிவிடுவார்கள். செங்கோடனுக்கு அரக்கு. செல்வி கைக்கு அகப்பட்ட நூலைச் சுற்றிக் கட்டினாள். அது அரக்கு நிறம் என்பதை அவள் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் மாட்டியதையே மறந்தாள்.

ஆடி பிறந்தது. ஊரெல்லாம் தள்ளுபடி. ஓமலூரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த சிவக்குமார் ஆட்டோ பிடித்து, இரண்டு பக்கமும் தன் படத்தோடு தட்டி கட்டி, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அனுப்பினார். ஜலகண்டாபுரம் சந்தை நாளுக்குச் செங்கோடன். அவர் காலையில் மாடி ஏறி, அரக்கு நூலைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சேலை விளம்பரம் ஏற்றிய நிஜமான பென் டிரைவ் இன்னும் மாதேஷின் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது.

செல்விக்கு அன்று விடுப்பு. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே யாரோ ஒருத்தி கத்துவது கேட்டது. யார் வீட்டில் சண்டை என்று நினைத்தாள். நல்ல தொண்டை, பாவம், என்ன கஷ்டமோ என்றுகூட நினைத்தாள்.

கட்டில் இல்லே, மெத்தை இல்லே.

கையிலிருந்த சட்டை வாளிக்குள் விழுந்தது.

அவள் தெருவுக்கு ஓடி வந்தபோது ஆட்டோ முனை திரும்பிக்கொண்டிருந்தது. சிவக்குமார் தட்டியில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, இரண்டு கூம்பு ஒலிபெருக்கியிலும், சேலை இல்லே போ, துணிமணி இல்லே போ. செங்கோடன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் இளஞ்சிவப்பு நோட்டீஸ்களை வீசிக்கொண்டு போனார். நாள் முழுக்கத் தலைக்கு மேல் அலறும் சத்தத்தைத் தாங்க முடியாமல் அவர் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வண்டி எடுப்பார். என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சனங்கள் சிரித்துக் கையாட்டினார்கள். அவரும் சிரித்துக் கையாட்டினார்.

"செங்கோடண்ணா, செங்கோடண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே செல்வி ஓடினாள். தேன் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

சந்தையில் கூட்டத்துக்கு நடுவில் ஆட்டோ நகர முடியாமல் நின்றது. பாட்டு முடிந்து, இருமி, தண்ணீர் கேட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செல்வி வாழைத்தார் வண்டிக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றாள். இன்னும் பத்தடி போனால் செங்கோடனின் தோளைத் தொட்டிருக்கலாம். போகவில்லை.

"என்னக்கா இது, தள்ளுபடின்னு எழுதிப்போட்டுட்டுச் சேலை இல்ல போங்கறா" என்றாள் பூக்காரி.

கீரைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பழனியம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "ஆடி வந்தா எல்லா நாயும் வா வான்னு கூப்புடுது. ஒருத்தியாச்சும் போங்கறாளே, சொல்லட்டும் உடு."

"யாரு பெத்த புள்ளயோ."

"எம்மட தறிக்காரியாத்தான் இருப்பா. தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி வந்த தொண்டை அது. வேற எவளுக்கு வரும்?"

"இருமறா பாருக்கா. தண்ணி கேக்கறா."

"யாராச்சும் ஒரு சொம்பு குடுங்கடி அவளுக்கு. நம்மளாட்டத்தான், கத்தி முடிச்சாத்தான் தாகமே தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, போ போன்னா என்னா பண்ணுவே என்று தானும் சேர்ந்து சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டு வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

பழனியம்மாள் செல்வியைப் பார்த்துவிட்டாள். "ஏஞ்செல்வி, ஈரக் கையோட நிக்கற? இது உங்க ஆபீசுச் சரக்கா? உங்குரலாட்ட நைசா இல்லியே. யாரு அது?"

"தெரியலீங்கக்கா" என்றாள் செல்வி.

சொன்ன பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள். வெட்கம் இல்லை. சின்ன வயதில் ஒரு கல்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்று தலையாட்டுவாளே, அது போல இருந்தது. இந்தச் சந்தையில் அவள் குரல் தெரியாதவர் இல்லை. இது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். இது யாரோ ஒருத்தியின் நிஜமான கத்தல் என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவளுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு முறை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போய்ச் செங்கோடனின் தோளைத் தொட்டாள். செங்கோடன் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"என்னாச்சுங்க அம்மிணி, இந்நேரத்துல இப்புடி ஓடியாறீங்க?"

"அண்ணா, என்ன ஓடுதுன்னு கொஞ்சம் கேளுங்க."

கேட்டார். முகம் மாறியது. மெதுவாகக் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். "அட சாமி. நாலு தெரு சுத்திட்டு வாரேனே. சனம் சிரிக்குதேன்னு நானும் சிரிச்சேன். சிவக்குமாரு என்னய உரிச்சுப் போடுவாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருங்க இது? நல்லாத்தான் கத்துது" என்றார்.

அன்று சாயங்காலம் மோகன்குமார் அனந்தபூரிலிருந்து கூப்பிட்டான். சந்தையில் எவரோ போனில் பிடித்த வீடியோ திருச்செங்கோடு போய், ரிக் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விழுந்து, அவனிடம் வந்திருந்தது.

"நம்மூருச் சந்தையாமே. எவளோ ஒருத்தி கத்தறா புள்ள. சாப்பாட்டுத் தட்டைக் கீழ வெச்சுட்டேன். பயந்தே போயிட்டேன் போ."

"அது நாந்தான்" என்றாள் செல்வி.

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை. ஸ்பீக்கரில் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

"பண்டிகைக்கு வராததுக்கா?" என்று கேட்டான், மெதுவாக.

"அதுக்கும்தான்."

"அடுத்த வாரம் வாரேன்" என்றான். பிறகு, "நெசமா வாரேன்" என்றான்.

போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் அடுப்படியில் சும்மா நின்றாள். பால் பொங்கி வழிந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் குருமூர்த்தி மாதேஷைத் திட்டினார், செங்கோடனைத் திட்டினார், ஆணிப் பலகையைத் திட்டினார். செல்வியை மட்டும் திட்டவில்லை. இந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்ததை இத்தனை வருடம் கண்டுபிடிக்காமல் விட்டதில் அவருக்குக் கொஞ்சம் அவமானம் போலிருந்தது. சிவக்குமார் எப்போது வந்து சண்டை போடுவார் என்று அன்று பூராவும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் சிவக்குமார் வந்தார். கையில் ஓர் இனிப்புப் பெட்டி இருந்தது.

"எங்கீங்க அந்தப் புள்ள?" என்றபடியே உள்ளே வந்தார். தட்டியில் இருந்ததைவிடக் குள்ளமாக, வேர்த்து, உற்சாகமாக இருந்தார். "குருமூர்த்தி, நேத்துக் கடைல நிக்க எடமில்லீங்க. ஜலகண்டாபுரத்துல இருந்து பொம்பளைங்க பஸ் புடிச்சு வந்து, சேலை இல்ல போன்னீங்களாமே, அப்படி என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. ஒரு அம்மா கவுன்டர்ல நின்னுக்கிட்டு எம்மட பையங்கிட்டயே அந்தப் பாட்டப் பாடுது."

"எல்லாம் நம்ம செல்விதானுங்க" என்றார் குருமூர்த்தி. கணத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாந்தான் சொல்லுவேன், இந்தப் புள்ள கிட்ட இன்னும் சரக்கு இருக்குதுன்னு."

மாதேஷ் திரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தான்.

சிவக்குமார் நாற்காலியை இழுத்துச் செல்விக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "அம்மிணி, ஆடி முடியற வரைக்கும் அத்தனை ஆட்டோலயும் இதான் ஓடோணும். மேட்டூரு, எடப்பாடி, ராசிபுரம், எல்லாப் பக்கமும். அதே கத்தல், அதே இருமல். ஒண்ணே ஒண்ணு, கடைசி வரிய மட்டும் மாத்திக்கலாம். நானே எழுதியாந்திருக்கேன், கேளுங்க. போ போன்னு சொன்னாலும் போக மாட்டே, சிவக்குமாரு கடைய உட்டா வேற எடம் கேக்க மாட்டே. எப்படி?"

"அருமைங்க" என்றார் குருமூர்த்தி.

இருவரும் எந்தெந்த ஊருக்கு எந்த ஆட்டோ என்று பேசத் தொடங்கினார்கள். செல்வி நாற்காலியை மாதேஷ் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அவங்ககிட்டயும் இப்படி வந்து கேட்டிருப்பாங்களா? அந்த லண்டன்காரங்ககிட்ட?"

"கேக்காம? இப்ப அந்தப் பாட்டெல்லாம் போட்டுத்தான் செருப்பு விக்கறாங்க, காரு விக்கறாங்க. அவங்களுக்கு அதுக்குப் பல வருசம் ஆச்சுங்க. நமக்கு மூணே நாள்ல வந்துடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆசையும் வந்தது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. மேட்டூர்த் தெருக்களில், ராசிபுரம் சந்தையில், இந்த வட்டாரம் முழுக்கத் தன் கத்தல் போவதை நினைக்கும்போது தோள் சிலிர்த்தது. விளம்பரம் பேசுவதில் அவளுக்கு எந்தக் கேவலமும் இல்லை. அந்தக் குரல்தான் மகளின் படிப்பு, வீட்டுக் கூரை, எல்லாம். நாளைக்கும் மைக் முன்னால் உட்கார்ந்து, வாங்க வாங்க என்று மனம் நிறையக் கூப்பிடுவாள்.

ஆனால் அடுத்த முறை என்று நினைத்துப் பார்த்தாள். அடுத்த முறை அவளுக்கு நிஜமாகவே கோபம் வரும். அடுக்களையிலோ, போனிலோ, தக்காளிக் கடையிலோ, வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் வரும். கேட்பவன் பக்கத்துக்காரனைக் கூப்பிட்டு, அண்ணா, இது அந்த ஆடித் தள்ளுபடிதானே என்பான். பழனியம்மாள் தலையைக் கூடத் தூக்க மாட்டாள். வெண்டைக்காய் பொறுக்குகிறவள் தானும் சேர்ந்து சொல்லிப் பார்க்க மாட்டாள். மோகன்குமார் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்க மாட்டான். தன்னை நம்ப வைத்த குரல் இந்த உலகத்தில் இது ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. கிடைத்தே இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

"என்ன அம்மிணி, இன்னிக்கே எடுத்துடலாமா?" என்றார் சிவக்குமார்.

"சேலை வெளம்பரம் இன்னொருக்கா நல்லாப் பேசித் தாரேங்க" என்றாள் செல்வி. "புதுசா எழுதிக் குடுத்தாலும் பேசறேன். இது மட்டும் வேண்டாங்க."

"அட, நல்லாத்தானே இருக்குது? வெக்கப்படாதீங்க."

"வெக்கம் இல்லீங்க. இது கடைக்கில்லீங்க."

குருமூர்த்தி இடையில் புகுந்தார். "செல்வி, என்னம்மா இது, சாரு இவ்வளவு தூரம் வந்து கேக்கறாரு. எந்த ஊருக்கும் வேண்டாம்னா ஓமலூருக்கு மட்டுமாவது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதில் தேனும் இல்லை. அப்படி ஒரு குரலை அங்கிருந்த யாரும் அதுவரை கேட்டதில்லை. சிவக்குமார் அந்தக் கடைசி வரியை எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தை மெதுவாக மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஓமலூருக்கும் வேண்டாங்க" என்றாள்.